வராத வண்டிகளின் பதிவேடு

முப்பத்தைந்து வருஷம் வரித்துறையில் குப்பை கொட்டினேன். அதில் ஒன்றரை வருஷம், வராத மாட்டு வண்டிகளை வந்ததாக எழுதிக்கொண்டிருந்தேன். லஞ்சத்துக்காகச் செய்திருந்தால் சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும்; புரிந்துகொள்ளவும் ஆள் கிடைப்பார்கள். நான் செய்தது பேச்சுத்துணைக்காக. இதை இத்தனை நாள் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ஓய்வூதிய உத்தரவு கைக்கு வந்துவிட்டதால் இப்போது சொல்கிறேன்.

சொல்ல வைத்தது ஒரு கம்ப்யூட்டர். போன மாதம் ஓசூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். என்னிடம் வேலை பழகிய சுந்தரம் இப்போது அதிகாரியாகிவிட்டார். பெரிய ரோட்டில் இருக்கும் வரிச் சோதனைச் சாவடிக்கு என்னைக் கூட்டிப்போய்ப் புது இயந்திரத்தைக் காட்டினார். "இதுல ஒரு தடவை ஏத்திட்டா அவ்வளவுதான் சார். அப்புறம் யாரும் மாத்த முடியாது. இனிமே தப்பே நடக்காது" என்றார். எங்கள் காலத்துப் பதிவேட்டிலும் எழுதியதை யாரும் மாற்ற முடியாது. தப்பு நடந்ததே அதனால்தான் என்றேன். "எப்படி சார்?" என்று கேட்டார். வெளியே வரிசையில் நின்ற லாரிகள் ஹாரன் அடித்த அடியில் பதில் சொல்லாமல் தப்பித்தேன். அவருக்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாயவரத்துப் பக்கத்திலிருந்து தேர்வு எழுதித் தேறி வந்தவனைச் சேலத்தில் மூன்று மாதம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கார்பன் தாளின் கறுப்புப் பக்கம் கீழே இருக்க வேண்டும் என்பதை முதல் வாரம் கற்றுக்கொண்டேன். மீதி வாரங்களில் அதை மறக்காமல் இருந்தேன். ஒரு நாள் "எல்லைக்குப் போறியாப்பா?" என்று கேட்டார்கள். எல்லை என்றதும் துப்பாக்கி, குதிரை என்று ஏதோ தோன்றித் தலையாட்டிவிட்டேன்.

அறுபதுகளின் கடைசி அது. எல்லைக்கு அந்தப் பக்கத்தை மைசூர் ராஜ்யம் என்றுதான் சொல்வோம். ஓசூரில் தொழிற்சாலைகள் வருவதற்கு இன்னும் சில வருஷம் இருந்தது. எனக்குக் கிடைத்த சாவடி பெரிய ரோட்டில் இல்லை. பேரிகை என்ற ஊரிலிருந்து மூன்று மைல் தள்ளி, வளைந்து வளைந்து எல்லையைத் தாண்டிப் போகும் ஒரு மண் ரோட்டில் இருந்தது. ஓர் அறை, கல்நார் கூரை. வெளியே ரோட்டுக்குக் குறுக்கே ஒரு மூங்கில், அதன் ஒரு முனையில் கயிற்றில் கட்டிய கல். இரண்டு பக்கமும் கேழ்வரகுக் கொல்லை. அறுவடை முடிந்துவிட்டால் அதுவும் கிடையாது, செம்மண்ணும் காற்றும்தான். மார்கழியில் குளிர் எலும்பைத் தொடும். காவேரிக் கரையில் வேட்டி துண்டோடு வளர்ந்தவன் அங்கே கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு அரசாங்கத்தின் பிரதிநிதியாக உட்கார்ந்திருந்தேன்.

சாவடி எப்படி அங்கே வந்தது என்பதை நானே ஊகித்துக்கொண்டேன். மேலே யாரோ வரைபடத்தைப் பார்த்திருக்கிறார். ஒரு கோடு எல்லைக் கோட்டைக் கடக்கிறது. வரி ஏய்ப்பவர்கள் இந்த வழியாகப் போகக்கூடும் என்று எழுதியிருக்கிறார். அந்த ரோட்டில் சரக்கு ஏற்றிப் போனால் அச்சு முறியும் என்பது வரி ஏய்ப்பவர்களுக்குத் தெரியும், வரைபடத்துக்குத் தெரியாது. அவர்கள் சௌகரியமாகப் பெரிய ரோட்டிலேயே போய்க்கொண்டிருந்தார்கள்.

சாவடிக்கு ஒரு குமாஸ்தா, ஒரு பியூன் என்று அனுமதி. பியூனின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. உடம்பு ஓர் உயரதிகாரியின் வீட்டில் மாடு கறந்துகொண்டிருந்தது. ஆக நான் ஒருவன்தான். நடந்து போகிறவர்கள் தெலுங்கிலோ கன்னடத்திலோ ஏதோ சொல்லிவிட்டுப் போவார்கள். நான் தமிழில் ஏதோ சொல்வேன். இரண்டு தரப்பும் மரியாதையாகத் தலையசைத்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல் பிரிவோம். ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுபோயிருந்தேன். நான்கு மாதத்தில் தீர்ந்துவிட்டது. பிறகு அகராதியைப் படித்தேன். அதில் கதை சரியில்லை, ஆனால் ஆள் நடமாட்டம் இருந்தது.

என் வேலை இது. சரக்கு வண்டி வந்தால் நிறுத்தி, பதிவேட்டில் எழுத வேண்டும். நேரம், வண்டியின் வகை, ஓட்டுபவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், சரக்கு, எடை, போகும் இடம், வரி விவரம், கடைசியில் திரும்பிய நேரம். மொத்தம் பத்துக் கட்டம். சாயங்காலம் அதை மூன்று பிரதியாக அறிக்கை எழுதி, அடுத்த நாள் காலை பேரிகைத் தபாலாபீசுக்கு நடந்துபோய் மேலலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். வண்டி வராவிட்டாலும் அறிக்கை போக வேண்டும். பத்துக் கட்டத்திலும் தனித்தனியாக "இல்லை" என்று எழுத வேண்டும். ஒரே கோடாகக் கிழித்தால் திருப்பி அனுப்புவார்கள். ஒன்றுமில்லாததைத் தெரிவிக்க அரசாங்கம் நாள்தோறும் மூன்று தாள், ஓர் உறை, தபால்தலை, என் செருப்பின் அடித்தோல் இத்தனையும் செலவழித்தது.

வண்டியே வராது என்றும் சொல்ல முடியாது. ஒன்று வரும். வியாழக்கிழமை அந்தப் பக்கத்துச் சந்தைக்குப் போகும் சின்னப்பனின் வண்டி.

சின்னப்பனுக்கு நாற்பது வயசு இருக்கும். பேரிகையில் மாதா கோயிலுக்குப் பக்கத்தில் வீடு. முப்பாட்டன் காலத்தில் வேதத்தில் சேர்ந்த குடும்பம் என்பார். வருஷம் முழுக்கக் கூலிக்குக் கொத்தும் வெட்டும் வேலை. சொந்தமாக இருந்தது ஆறு புளியமரம், ஒரு வண்டி, இரண்டு மாடு. புளியை உலுக்கி, தட்டி, கொட்டை எடுத்து, வீட்டில் வைத்துக்கொண்டு வாரம் ஒரு மூட்டையாகச் சந்தைக்குக் கொண்டுபோவார். தன் மரத்தில் காய்த்ததைத் தானே விற்கிற விவசாயிக்கு வரி கிடையாது. இதை முதல் வியாழக்கிழமையே அவரிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப நீங்க இன்னாத்துக்கு சாரு இங்க குந்திகினு கிறிங்க?"

"வரி வசூல் பண்ண."

"யாருகிட்ட?"

"இந்த வழியாப் போற வண்டிகிட்ட."

"நா ஒர்த்தன்தான் போறேன். எனக்கு வரி இல்லன்னிங்க."

"ஆமாம், உனக்கு இல்லை."

அவர் மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப எனக்கு வரி இல்லன்னு சொல்றதுக்கு உங்களுக்கு சம்பளம்" என்றார். அந்தச் சாவடியைப் பற்றி நான் கேட்ட ஒரே சரியான தணிக்கை அறிக்கை அது.

அதற்குப் பிறகு வியாழக்கிழமை என்றால் எனக்குத் தீபாவளி. காலையில் எழுந்து சவரம் செய்துகொள்வேன். வண்டி வந்ததும் பதிவேட்டைத் திறந்து கட்டங்களை ஒவ்வொன்றாக நிதானமாக நிரப்புவேன். தெரிந்த விஷயத்தையே மறுபடி கேட்பேன். "தகப்பனார் பேரு?" "அந்தோணின்னு போன வாரமே சொன்னேனே சாரு." "மாறியிருக்கான்னு பார்த்தேன்." அப்புறம் நான் படித்தது, காவேரியில் தண்ணீர் வரும் அழகு, எங்கள் ஊர்க் காப்பி, எல்லாம் சொல்வேன். அவரும் மாடு நோஞ்சானாகப் போனது, அவர் மனைவி ஆரோக்கியம் கோபித்துக்கொண்டு தாய்வீடு போனது என்று சொல்வார். அரை மணி, முக்கால் மணி ஆகும். சாயங்காலம் காலி வண்டியோடு திரும்பும்போது நான் தபால் வேலையில் இருப்பேன். அவர் கை காட்டிவிட்டுப் போய்விடுவார்.

ஒரு ஐப்பசியில் அடைமழை. சின்னப்பனும் வரவில்லை. தொடர்ந்து பதினோரு நாள் "இல்லை" எழுதி அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் மேலலுவலகத்திலிருந்து மெமோ வந்தது. பதினோரு நாளும் ஒரே மாதிரியான அறிக்கை வந்திருப்பதால், நான் சாவடியில் இருக்கிறேனா என்பதற்கு விளக்கம் தரவும்.

நான் இருக்கிறேன் என்பதை எப்படி நிரூபிப்பது என்று வெகுநேரம் யோசித்தேன். பார்த்தவர் யாருமில்லை. கடைசியில் பதிவேட்டில் ஒரு வண்டியை எழுதினேன். மாட்டு வண்டி, ஓட்டுபவர் வெங்கடப்பா, சரக்கு கொள்ளு, சொந்த விளைச்சல், வரி இல்லை. அறிக்கை போனது. மெமோ திரும்பி வரவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அன்று சாயங்காலம் யாரோ வந்துபோன மாதிரி இருந்தது. வெங்கடப்பாவுக்குத் திக்குவாய் என்று தோன்றியது. மூத்த பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருக்கிறார். மறுநாள் அவருக்குத் துணையாக இன்னொருவரை எழுதினேன். அவர் கொஞ்சம் முன்கோபி. இதெல்லாம் பதிவேட்டில் போகாது, அதற்குக் கட்டம் இல்லை. ஆனால் எனக்குத் தெரியும். ஒரு வாரத்தில் நாள் ஒன்றுக்கு இரண்டு, மூன்று வண்டி வர ஆரம்பித்தன. ஒருவரும் வரி கட்ட வேண்டியவர் இல்லை; வரி எழுதினால் பணம் காட்ட வேண்டுமே. எல்லாரும் சொந்த விளைச்சல்காரர்கள், நல்லவர்கள். ஒருத்தர்கூட என்னோடு சண்டை போட்டதில்லை.

பிறகு மேலலுவலகம் ஒரு கேள்வி கேட்டது. நான் எழுதிய ஊர்கள் சில தாலுகாப் பட்டியலில் இல்லையே? ஊர் உண்மையாக இருக்க வேண்டும் என்றால் ஆளும் உண்மையாக இருப்பதுதான் பாதுகாப்பு என்று நினைத்தேன். அந்த வட்டாரத்தில் பெயர், தகப்பனார் பெயர், தெரு எல்லாம் எனக்குச் சரியாகத் தெரிந்த ஆள் ஒருவர்தான். அன்றிலிருந்து நாள்தோறும் சின்னப்பன் வண்டி ஓட்டிப் போனார், புளியோடு. அவருக்குக் கெடுதல் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. வரி இல்லாதவரை எத்தனை தடவை எழுதினாலும் வரி இல்லைதானே? சைபரை எதனால் பெருக்கினாலும் சைபர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அரசாங்கம் அந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை.

இதற்கிடையில் சாவடி வளர்ந்தது. போக்குவரத்து அதிகரித்திருப்பதை முன்னிட்டு மூங்கிலுக்குப் பதிலாக இரும்புச் சங்கிலி வந்தது. இரண்டு மொழியில் அறிவிப்புப் பலகை வந்தது. ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு. எடைமேடைக்கு என்று நான்கு கொத்தனார்கள் வந்து சிமெண்டில் ஒரு திட்டுக் கட்டினார்கள். மேடை கடைசிவரை வரவில்லை. இரண்டாவதாக ஒரு பியூனுக்கு அனுமதி கிடைத்தது. அவர் வேறோர் உயரதிகாரியின் வீட்டுக்குப் போனார். வராத வண்டிகளைக் காக்க, இல்லாத பியூன்கள் இரண்டு பேர். நடுவில் நான், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தெளிவாகத் தெரியும்படி தனியாக உட்கார்ந்திருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை தபாலில் அந்த நோட்டீஸ் வந்தது. சின்னப்பன், தகப்பனார் பெயர் அந்தோணி, பதிவு பெறாமல் புளி வியாபாரம் செய்வதாகத் தெரியவருகிறது. சாவடிப் பதிவேட்டின்படி அவர் எல்லையைக் கடந்த தேதிகள் இணைப்பில். பதினைந்து நாளுக்குள் ஆட்சேபணை தராவிட்டால் வரியும் அபராதமும் விதித்து, அசையும் சொத்துகள் ஜப்தி செய்யப்படும். அடியில் எனக்கு ஒரு வரி: மேற்படி நபர் நாள்தோறும் சாவடியைக் கடப்பவராதலால், தாங்களே நேரில் கொடுத்து ஒப்புதல் பெற்று அனுப்பவும்.

இணைப்பு மூன்று பக்கம். என்னுடைய தேதிகள். மழை பெய்தவை, காய்ச்சலில் நான் படுத்திருந்தவை, எதுவும் விடுபடவில்லை. மாடுகளைப் பிடித்துக்கொண்டு போனால் சின்னப்பனிடம் மிஞ்சுவது ஆறு மரம்தான். அவை நடந்து சந்தைக்குப் போகாது.

வியாழக்கிழமை வந்தார். வழக்கமான பேச்சு ஓடவில்லை. நோட்டீஸைக் கொடுத்தேன். ஒப்புதலில் கைநாட்டு வைக்கச் சொன்னேன். மைப்பெட்டி காய்ந்திருந்ததால் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். கைநாட்டை வைத்துவிட்டு, தாளை என்னிடமே நீட்டினார்.

"இன்னா எழுதிகிது சாரு?"

படித்துச் சொன்னேன். என் குரலிலேயே.

"நா தெனமும் போறன்னு எவன் சாரு சொன்னது?"

நான் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எவனோ எம்மேல காண்டு வச்சி எழுதிப் போட்டுகிறான். நீங்க மேல சொல்லுங்க. சின்னப்பன் வாரத்துக்கு ஒருக்காதான் வரான், நா இங்கியே குந்திகினு பாக்கறேன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க இல்ல?"

"நம்புவாங்க."

"மாட்ட புடிச்சிக்குவாங்களா சாரு?"

"அதெல்லாம் இல்லை" என்றேன். நான் அன்றுவரை எழுதிய பொய்களெல்லாம் சேர்ந்தாலும் அந்த ஒரு பொய்யின் கனத்துக்கு வராது.

அடுத்த இரண்டு நாள் சின்னப்பன் சார்பில் ஆட்சேபணை எழுதினேன். வாக்கியங்கள் மட்டும் என்னுடையவை. கையெழுத்து தெரியக் கூடாது என்று இடது கையால் எழுதினேன். அவரிடம் ரேகை வாங்கி, தபாலில் சேர்த்தேன். ஒரு வாரத்தில் எனக்கு அழைப்பு வந்தது, பதிவேட்டோடு ஓசூர் மேலலுவலகத்துக்குப் புறப்பட்டு வரவும் என்று.

மேலதிகாரி தணிகாசலம். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் போட்டிருக்கும். கோப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கிப் படிப்பார். முடிவு தெரிந்த பிறகு காரணம் பார்ப்பது சுலபம் என்று அவருக்குக் கருத்து. பேச்சு மிகவும் தாழ்ந்த குரலில் இருக்கும். நாம் குனிந்து கேட்க வேண்டும், அதனால் எப்போதும் நாம் வணங்கிக்கொண்டே இருப்பது போலத் தெரியும். அவருடைய பதில்களில் பாதி "ம்". அதில் நீளம், குட்டை என்று இரண்டு உண்டு. கோபம் வந்தால் மரியாதை கூடும். என்னைப் பார்த்ததும் "வாங்க ஐயா, உட்காருங்க" என்றார்.

ஆட்சேபணையை என்னிடம் கொடுத்துச் சத்தமாகப் படிக்கச் சொன்னார்.

"மேற்படி நோட்டீஸில் கண்ட மேற்படி புளியானது, மேற்படி நபரின் சொந்த மரங்களில்..."

"யார் எழுதினது?"

"சின்னப்பன் சார்."

"சின்னப்பன் கைநாட்டு."

"யாரையாவது வச்சு எழுதியிருப்பார் சார்."

"வண்டி ஓட்டறவன் யாரும் தன்னை மேற்படின்னு சொல்லிக்க மாட்டான் ஐயா."

அவர் பென்சிலால் என் வாதங்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். சொந்த மரம் ஆறு என்கிறான். நாள் ஒரு வண்டி காய்க்க ஆறு மரத்தால் முடியாது, ஆக மற்றவர் புளியை வாங்குகிறான். வாங்கி விற்பவன் வியாபாரி. புளி மாசி பங்குனியில்தான் வரும் என்கிறான். ஆனால் ஆவணியிலும் நாள் தவறாமல் வண்டி போயிருக்கிறது, ஆக எங்கோ கிடங்கு வைத்திருக்கிறான். கிடங்கு வைத்திருப்பவன் பெரிய வியாபாரி. நான் சின்னப்பனைக் காப்பாற்ற எழுதிய ஒவ்வொரு வரியும் அவரை இன்னும் கொஞ்சம் பணக்காரராக்கியிருந்தது. ஆவணியில் நாள்தோறும் புளி எழுதியது என் அறியாமை. எங்கள் ஊரில் புளி மளிகைக்கடையில் காய்க்கும்.

"சார், அந்த வண்டிங்க போகலை" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார்.

"வியாழக்கிழமை மட்டும்தான் நிஜம். மத்ததெல்லாம் நான் எழுதினது. மத்த பேரும் இல்லை சார். வெங்கடப்பாவும் இல்லை."

எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார். ஜன்னலுக்கு வெளியே ஓசூர் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர்கள் ஊர்ப் பெயர்களைக் கத்திக்கொண்டிருந்தது அடங்கியது.

"எவ்வளவு வாங்கினீங்க?"

"ஒண்ணும் வாங்கலை சார்."

"பின்னே எதுக்கு?"

"யாருமே வரலை சார்."

"வரலைன்னா வரலைன்னு எழுதறது."

"எழுதினேன் சார். பதினோரு நாள் எழுதினதுக்கு மெமோ வந்தது."

"மெமோவுல யார் கையெழுத்து?"

"உங்க கையெழுத்து சார்."

"ம்" என்றார். குட்டை.

நான் சொன்னேன், என்னை வேலையை விட்டு நீக்கிவிடுங்கள், பதிவேடு பொய் என்று எழுதி அந்த ஆளை விட்டுவிடுங்கள் என்று. சினிமாவில் பார்த்த மாதிரி கையைக்கூடக் கூப்பினேன் என்று நினைக்கிறேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. விரல்விட்டு எண்ணினார். பதிவேடு பொய் என்றால் அறிக்கைகள் பொய். அறிக்கைகளைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டது அவர். அவர் கையெழுத்தை நம்பிச் சங்கிலிக்கும் பலகைக்கும் சிமெண்டுத் திட்டுக்கும் ஒப்புதல் தந்தது அவருக்கு மேலே. "உங்களை இன்னிக்கே அனுப்பிடலாம் ஐயா. திட்டை இடிக்க யார்கிட்ட அனுமதி கேக்கறது?"

பிறகு பதிவேட்டை இழுத்து, வழக்கம்போலக் கடைசிப் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார். நிதானமாக, ஒவ்வொரு தாளாக, தேங்காய்ச் சிரட்டையில் வைத்திருந்த ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டுத் தொட்டு. தண்ணீர் கேட்கத் தைரியமில்லை. அரைப் பதிவேடு தாண்டியதும் பென்சில் ஒரு கட்டத்தில் நின்றது. பத்தாவது கட்டம்.

"திரும்பின நேரம் எழுதவே இல்லையே."

"காலி வண்டிதானே சார். எழுதத் தோணலை."

"காலியா இருந்தாலும் எழுதணும்னு விதி இருக்கு."

"மன்னிக்கணும் சார்."

"ம்ம்ம்" என்றார். நீளம். அதுவரை நான் கேட்டிராத நீளம்.

வெள்ளைத் தாளை எடுத்து எழுதினார். எழுதி முடித்துச் சத்தமாகப் படிக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். "பதிவேட்டின்படி மேற்படி சின்னப்பன் பலமுறை மாநில எல்லையைக் கடந்து சென்றிருக்கிறார். ஒருமுறையேனும் திரும்பி வந்ததற்குப் பதிவு இல்லை. எனவே மேற்படி நபர் தற்போது இந்த மாநிலத்தில் இல்லை எனக் கருதி, நோட்டீஸை நேரில் கொடுத்துச் சார்பு செய்ய இயலாத நிலையில், நடவடிக்கை கைவிடப்படுகிறது."

"திரும்பாம எப்படி சார் மறுநாளும் போவார்?" என்று கேட்டுவிட்டேன்.

"அதை யாராவது கேட்டா பதில் சொல்லலாம். கேட்க மாட்டாங்க. நோட்டீஸ் ஒப்புதல் எங்கே?"

"என்கிட்ட இருக்கு சார். இன்னும் அனுப்பலை."

"எனக்கு வரலை" என்றார். ஆட்சேபணையை மடித்து என் பதிவேட்டுக்குள் செருகினார். "இதுவும் வரலை. இனிமே பொய் எழுதக் கூடாது."

"எழுத மாட்டேன் சார்."

"அந்தப் பேரையும் எழுதக் கூடாது. இந்த மாநிலத்துலயே இல்லாதவன் வியாழக்கிழமை சந்தைக்குப் போகக் கூடாது. ஆள் வந்தா எழுதணும், அதனால ஆள் வரக் கூடாது. சொல்லிடுங்க."

கதவு வரை போனவனைக் கூப்பிட்டார். "நானும் அந்த மாதிரி இடத்துல மூணு வருஷம் இருந்தேன்" என்றார். அங்கே அவர் என்ன எழுதினார் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். ஜன்னலைத் திறக்கச் சொன்னார்.

வியாழக்கிழமை சின்னப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டை யாரும் தொட மாட்டார்கள் என்பதை முதலில் சொன்னேன். எழுதியது நான்தான் என்பதைக் கடைசியில் சொன்னேன். அவர் நுகத்தடிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார். அது சரியாகத்தான் இருந்தது.

"எதுக்கு சாரு எம் பேரு?"

"உன் பேர்தான் எனக்குத் தெரியும்."

"மாட்டு பேரையும் எழுதுனிங்களா?"

"இல்லை."

"அதுவாவது நல்லது" என்றார். பிறகு, தான் இப்போது எந்த ராஜ்யத்தில் இருப்பதாகக் கணக்கு என்று கேட்டார். மைசூர் என்றேன். "ஆரோக்கியத்துக்கு சொல்றேன். சந்தோசப்படுவா" என்றார். கொல்லைக்குள்ளே இறங்கி ஏரிக்கரையைச் சுற்றிப் போகும் வண்டிப் பாதையைக் கையால் காட்டிவிட்டு, அன்று முதல் தடவையாகச் சாவடிக்கு முன்னாலேயே திரும்பி இறங்கினார். சங்கிலியை அவிழ்க்கும் வேலைகூட எனக்கு இல்லை.

அதற்குப் பிறகு பத்துக் கட்டத்திலும் "இல்லை". வாரத்தில் ஏழு நாளும். வெங்கடப்பாவை எழுதக் கூடாது என்பதோடு நினைக்கவும் முடியவில்லை. மாப்பிள்ளை கிடைத்ததா என்று இன்றுவரை தெரியாது. வியாழக்கிழமை காலையில் பழக்கத்தில் சவரம் செய்துகொள்வேன். பிறகு கொல்லைக்கு அப்பால், ஏரிக்கரைப் பக்கம் மாட்டு மணிச் சத்தம் கேட்கும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும். வெளியே வந்து நின்றால் கரைக்கு மேலே வண்டியின் கூண்டு மட்டும் நகர்வது தெரியும். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். மாநிலத்தில் இல்லாத ஆளை அரசாங்க ஊழியன் எப்படிக் கூப்பிடுவது?

தணிகாசலத்துக்கும் மேலே இருந்த அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வண்டி வரத்து திடீரென்று அடியோடு நின்றுபோனதற்குக் காரணம் என்ன? இந்தத் தடவை நான் தேறியிருந்தேன். சங்கிலி, பலகை, விளக்கு ஆகியவற்றால் கண்காணிப்பு பலப்பட்டதே காரணம் என்று பதில் எழுதினேன். அதில் பொய் என்று யாரும் ஒரு சொல்லைக்கூடக் காட்ட முடியாது. என் பணிப்பதிவேட்டில் பாராட்டுக் குறிப்பு ஏறியது. முப்பத்தைந்து வருஷத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான். அதே போன்ற சங்கிலிகளை மற்றக் கிளை ரோடுகளிலும் போடச் சொல்லிப் பரிந்துரை போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு வருஷம் கழித்து மாற்றல் வந்தது. டிரங்குப் பெட்டியோடு பேரிகையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். சின்னப்பன் எதிரே வந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "கல்லு வச்சிகிறிங்களா சாரு?" என்று கேட்டார். புத்தகம் என்றேன். பஸ் வந்ததும் அவரே மேலே ஏற்றிக் கட்டினார்.

இனி எப்போது பார்ப்போமோ என்ற நினைப்பில், ஒரு வருஷமாகச் சொல்ல நினைத்ததைச் சொல்லிவிட்டேன். "நீ நின்னு பேசிட்டுப் போறதுதான் சின்னப்பா எனக்கு அங்கே உசிரா இருந்தது. நீ வராம ரொம்பக் கஷ்டப்பட்டுட்டேன்."

அவர் பஸ்ஸின் ஏணியிலிருந்து இறங்கி, கையைத் தட்டிக்கொண்டார்.

"சர்க்காரு ஆளு நிறுத்துனா நிக்காம போவ முடியுங்களா சாரு? உங்க கதையெல்லாம் கேட்டுட்டு போய் சேர்றதுக்குள்ள சந்த கலஞ்சிடும். ஏரிக்கர வழியா போறதுலருந்துதான் நல்ல வெலைக்கு விக்கிறேன்."